பல்கலைக்கழகம் அமையவிருக்கும் எலும்பு மேடு

வரலாறு என்பது வேறொன்றுமில்லை. மாநகரங்கள் எழுந்து நின்ற கதைதான். காலம் தன் பெரிய கையை நீட்டி, இங்கே எழுக என்று சுட்டும் இடத்தில் கோபுரங்கள் எழுகின்றன, சந்தைகள் விரிகின்றன, மனிதகுலம் தலைநிமிர்கிறது. அவ்வண்ணமே கான்சாஸ் புல்வெளியின் நடுவில், நாலே மைல் இடைவெளியில், நியூ ஏதென்ஸ், இம்பீரியல் சிட்டி என்ற இரு பெருநகரங்கள் மேற்குலகின் தலைவிதியைத் தாங்கி நின்றன.

நியூ ஏதென்ஸில் மொத்தம் பதினோரு வீடுகள். அதில் ஒன்றில் பன்றிகள் இருந்தன.

இம்பீரியல் சிட்டியில் பன்னிரண்டு வீடுகள். பன்றிகளுக்குத் தனி வீடு கிடையாது. அவை எல்லா வீடுகளிலும் இருந்தன.

இரண்டு ஊருக்கும் நடுவே, எந்த ஊரிலும் சேராமல், ஒரு பழைய வண்டியில் குடியிருந்தான் ஆசா கில்பின். அவன் செய்த குற்றம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

நாலு வருடத்துக்கு முன் மாவட்டத் தலைநகர் எது என்று ஒரு தேர்தல் நடந்தது. நியூ ஏதென்ஸ்காரர்கள் ஆளுக்கு மூன்று ஓட்டுப் போட்டார்கள். செத்துப் போனவர்கள் ஒரு ஓட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். இம்பீரியல்காரர்களும் சளைக்கவில்லை. கடைசியில் எண்ணிப் பார்த்தபோது நியூ ஏதென்ஸ் ஒரே ஒரு ஓட்டில் தோற்றிருந்தது. விசாரித்ததில், ஊர் மேயர் ஹோரஸ் கில்பினின் சொந்தத் தம்பி ஆசா ஒரே ஒரு தடவைதான் ஓட்டுப் போட்டான் என்பது வெளியே வந்தது.

"உனக்கு ஊர்ப்பற்றுன்னு ஒண்ணு இருக்காடா?" என்று ஹோரஸ் கண்ணீர் விட்டார். அன்றைக்கே ஆசா ஊரை விட்டுத் துரத்தப்பட்டான். எதிரி ஊரில் ஓட்டுப் போட்டவன் என்பதால் இம்பீரியல் சிட்டியும் சேர்க்கவில்லை. அவனுடைய தாயில்லாப் பெண் மைராவை மட்டும் ஹோரஸ் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். "உன் பேர்ல நிலம், அதுமேல ஒரு கூரை. ரெண்டையும் காட்டு, பொண்ணைக் கூட்டிட்டுப் போ. வண்டியில குடியிருக்கறவன்கிட்ட கில்பின் வீட்டுப் பொண்ணை அனுப்ப முடியாது" என்பது அவர் தீர்ப்பு.

மைராவுக்கு இப்போது பத்தொன்பது வயது. ஆசா அவளை ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய வாசலுக்கு எதிர்ப்புறம் நின்று பார்ப்பான். அவள் நாக்கைத் துருத்திக் காட்டுவாள். அதுதான் அப்பா, மகள் பேச்சு.

மற்ற நாட்களில் அவன் எலும்பு பொறுக்கினான். ஒரு காலத்தில் அந்தப் புல்வெளியில் காட்டெருமைகள் கறுப்புக் கடலாக நின்றன. நாகரிகம் துப்பாக்கியோடு வந்து தோலை மட்டும் உரித்துக்கொண்டு போனது. மிச்சம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. ஆசா தன் இரண்டு கோவேறு கழுதைகளைப் பூட்டிக்கொண்டு அதை அள்ளி அள்ளி வந்து குவித்தான். ரயில் வந்தால் விற்கலாம் என்பது அவன் கணக்கு. குவியல் இப்போது நியூ ஏதென்ஸின் எந்தக் கட்டடத்தைவிடவும் உயரம். இதை யாரும் வெளியே சொல்வதில்லை.

ரயில் கம்பெனியின் கர்னல் ஸ்டிக்னி இரண்டு ஊரையும் பார்த்து நிலையம் எங்கே என்று சொல்லப்போகிற அந்த நாள் வந்தே விட்டது.

காலையிலேயே ஹோரஸின் குதிரை வண்டி எலும்பு மேட்டுக்கு வந்து நின்றது. ஓட்டி வந்தவள் மைரா. வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, தலையில் தங்கக் காகிதக் கிரீடம் வைத்திருந்தாள். ஹோரஸ் வண்டியை விட்டு இறங்கவில்லை. புதுப் பூட்ஸ்.

"வாங்கண்ணே. காபி போடட்டுமா?" என்றான் ஆசா.

"காபி குடிக்க நேரமில்ல. இன்னிக்குக் கர்னல் வர்றாரு, தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? ஒரு வாரமா உங்க பேண்டு வாத்தியம் காத்துல வருதே. ஏதோ பசுமாடு கன்னு போட முடியாம கஷ்டப்படுதுன்னு நெனச்சுப் பாவப்பட்டேன்."

மைரா சிரித்தாள்.

"சிரிக்காத! கிரீடம் விழும்" என்றார் ஹோரஸ்.

"அது என்ன வேஷம்மா?"

"முன்னேற்றத் தேவதை, அப்பா. பெரியம்மாவோட படுக்கை விரிப்பு. ரெண்டு ஊக்குலதான் நிக்குது. வேகமா மூச்சு விட்டா முன்னேற்றம் அவுந்துடும்."

ஹோரஸ் தொண்டையைக் கனைத்தார். மேடைக்குக் கனைக்கிற கனைப்பு. "ஆசா, இந்த அசிங்கம் பாதையோரமா இருக்கு. கர்னல் இதைத் தாண்டித்தான் நம்ம ஊருக்கு வரணும். அதனால மூடப்போறோம்."

வண்டியின் பின்னாலிருந்து பெரிய கித்தான் ஒன்றும், புது வர்ணம் காயாத பலகை ஒன்றும் இறங்கின. பலகையில் எழுதியிருந்தது: 'நியூ ஏதென்ஸ் பல்கலைக்கழகம் அமையவிருக்கும் இடம்.'

"பல்கலைக்கழகமா?" என்றான் ஆசா. "ஊர்ல பள்ளிக்கூடமே இல்லையேண்ணே."

"உயரத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்டா. அதுதான் தொலைநோக்கு. இன்னொண்ணு, நீயும் கித்தானுக்குள்ளயே இருந்துக்க. கர்னல் போற வரைக்கும் நீ இங்க இல்லவே இல்ல. புரியுதா?"

"நாலு வருஷமா நான் இல்லாமத்தானே இருக்கேன். அதெல்லாம் பழக்கமாயிடுச்சு."

"கோவிச்சுக்காத. ரயில் வரட்டும், எல்லாம் பேசிக்கலாம்."

"என்ன பேசறது? மைராவைப் பத்தியா?"

"நிலமும் கூரையும்" என்றார் ஹோரஸ், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு.

"நிலந்தான் இருக்கே. உங்க வண்டி நிக்கிறது அதுமேலதான்" என்றான் ஆசா. குரலில் துளி தயக்கம் இல்லை. "கூரை போட நாளாகுமா என்ன? நீங்க பொண்ணோட பெட்டியைக் கட்டி வைங்க."

கித்தானை ஒரு முனையில் இழுத்துக் கட்டுவதற்குள் எதிர்த் திசையிலிருந்து இன்னொரு வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. லவீனியா. ஹோரஸுக்குத் தங்கை, ஆசாவுக்கு அக்கா, இம்பீரியல் சிட்டி கிராண்ட் ஹோட்டலின் சொந்தக்காரி. ஹோட்டலில் இரண்டு கட்டில்கள். அவள் அண்ணனோடு பேசி நாலு வருடமாகிறது. ஆனால் அவரைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது.

"என்னடா ஆசா, பெரியவரு காலங்காத்தால குப்பைமேட்டுல நிக்கிறாரு? ஊர்ல இடமில்லையா?"

"நீ எதுக்கு வந்த?" என்றார் ஹோரஸ்.

"என் தம்பிக்கு ஆப்பிள் பை சுட்டுக் கொண்டாந்தேன். இதுக்கும் உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

"நாலு வருஷத்துல இதுதான் முதல் பை, அக்கா" என்றான் ஆசா.

"இப்பத்தான்டா அடுப்பு சூடாச்சு." தகரத் தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் அரை மைல் கேட்கும். "தம்பி, இந்தக் குவியலை அப்படியே கொஞ்சம் மேற்கால தள்ளிடு. எல்லைக் கல்லைத் தாண்டி. நாத்தம் அவங்க ஊர்க் கணக்குல சேரட்டும்."

"இது பல்கலைக்கழகம்!" என்று ஹோரஸ் பலகையைக் காட்டினார்.

லவீனியா படித்தாள். மறுபடியும் படித்தாள். "எருமை படிக்கிற பல்கலைக்கழகமா?"

"எல்லாம் படிச்சு முடிச்சதுங்க அக்கா" என்றான் ஆசா, பையைக் கடித்துக்கொண்டே.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊர் எப்போதும் ஒன்றாக இருந்ததே இல்லை. ஆகையால் கூத்தாடியும் இதுவரை பட்டினிதான். இன்று அவன் கையில் முதல் முறையாகப் பை இருந்தது. அதை அவன் நிதானமாகத் தின்றான்.

*

கர்னல் ஸ்டிக்னி எந்தப் போரில் கர்னல் ஆனார் என்று யாரும் கேட்டதில்லை. ஒல்லியான, வயிற்று உபாதைக்காரர். இம்பீரியல் சிட்டியில் காலை முழுக்க அவரை உட்காரவைத்து மூன்று சொற்பொழிவும் ஒரு வறுத்த வான்கோழியும் கொடுத்திருந்தார்கள். இரண்டும் இறங்காமல் நெஞ்சிலேயே நின்றன. லவீனியா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். பின்னால் அவளுடைய வண்டியை ஒருவன் ஓட்டி வர, இம்பீரியல் ஊரே நடந்து வந்தது. எதிரியின் ஊர் எல்லை வரை விருந்தாளியைக் கொண்டுவந்து விடுவது மரியாதை, எதிரி என்ன செய்கிறான் என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

எல்லையில் நியூ ஏதென்ஸ் காத்திருந்தது. கல்லறைத் தோட்டத்துத் தேவதாரு மரங்களை வெட்டிக்கொண்டு வந்து பாதையின் இரு பக்கமும் நட்டு, சோலைச் சாலை ஆக்கியிருந்தார்கள். காற்றில் இரண்டு மரங்கள் ஏற்கெனவே படுத்துவிட்டன.

ஆசா கித்தானுக்குள் எலும்புகளோடு எலும்பாக உட்கார்ந்து, ஒரு கிழிசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் மைரா மட்டும்தான் பட்டாள். ஒரு பீப்பாய்மேல் நின்றுகொண்டு, ஒரு கை விரிப்பைப் பிடிக்க, மறுகையை நீட்டி வரவேற்புக் கவிதை சொன்னாள். கவிதையை எழுதியவர் மேயர். அதில் 'எஃகுப் பாதை' என்பது ஏழு தடவை வந்தது. பேண்டு வாத்தியம் வாசித்தது. கர்னலின் குதிரை காதை மடித்துக்கொண்டது.

ஹோரஸ் தொப்பியைக் கழற்றி ஆரம்பித்தார். "மாட்சிமை மிக்க கர்னல் அவர்களே! காலத்தின் வாசலில்..."

"ஒரு கேள்வி" என்றார் கர்னல், வயிற்றைத் தடவிக்கொண்டே. "காலைல அங்கயும் கேட்டேன், யாரும் பதில் சொல்லல. உங்க ஊருக்கு ரயில் வந்தா அதுல என்ன ஏத்துவீங்க?"

ஹோரஸ் திகைத்தார். "ஏத்தறதா?"

"ஆமா. சரக்கு. காலி வண்டியை நான் திருப்பி ஓட்டிட்டுப் போக முடியாதில்ல?"

ரயில் என்ன கொண்டுவரும் என்பதை இரண்டு ஊரும் பத்து வருடமாகக் கனவு கண்டிருந்தன. பியானோ, கண்ணாடி ஜன்னல், சிப்பி உணவு, மாப்பிள்ளைகள், வங்கி. அது திரும்பிப் போகும் என்பதே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"எதிர்காலத்தை ஏத்துவோம்!" என்றார் ஹோரஸ்.

"நாங்க பண்பாட்டை ஏத்துவோம்" என்றாள் லவீனியா அவசரமாக.

"அதை எந்தப் பெட்டியில ஏத்தறது? மூடுனதுலயா, திறந்ததுலயா?"

அதற்குப் பதில் வருமுன் காற்று வந்தது. கான்சாஸ் காற்றுக்கு மேயரும் தெரியாது, கர்னலும் தெரியாது. கித்தானின் கயிறு அறுந்தது. பல்கலைக்கழகம் ஒரே வீச்சில் மேலெழுந்து, பேண்டு வாத்தியக்காரர்கள் தலைமேல் போய் விழுந்தது. வெள்ளை வெளேரென்று எலும்பு மலை வெயிலில் பளபளத்தது. அதன் நடுவே, ஒரு எருமைத் தலைக்குப் பக்கத்தில், தாடியெல்லாம் தூசியாக ஆசா உட்கார்ந்திருந்தான்.

லவீனியா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். ஹோரஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

கர்னல் வண்டியிலிருந்து குதித்தார். வயிற்று உபாதைக்காரர் அப்படிக் குதிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. கைத்தடியால் குவியலைத் தட்டினார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இரண்டாம் சுற்றில் வேகமாக நடந்தார்.

"இது யாரோடது?"

"என்னுதுங்க" என்றான் ஆசா.

"நீ யாரு?"

"இன்னிக்கு நான் இல்லாத ஆளுங்க. இப்பத்தான் கித்தான் போச்சு."

"கிழக்கே உர ஆலைக்காரனும் சர்க்கரை ஆலைக்காரனும் எலும்புக்குப் பேயா அலையறான். இதுல பெட்டி பெட்டியா ஏத்தலாமே! இன்னும் கிடைக்குமா?"

"கண்ணுக்கு எட்டின வரைக்கும் கிடக்குதுங்க. குனியத்தான் ஆளில்ல. ரெண்டு ஊர்லயும் எல்லாருமே தலைநிமிர்ந்தவங்க."

கர்னல் முதல் முறையாகச் சிரித்தார். "சரி. இதை நீ எங்கேர்ந்து ஏத்துவியோ அங்கதான் நிலையம். சொல்லு, நீ எந்த ஊர்க்காரன்?"

அப்புறம் நடந்ததை நியூ ஏதென்ஸில் ஒரு மாதிரியும் இம்பீரியலில் வேறு மாதிரியும் சொல்வார்கள். நடந்தது இதுதான். மேயர் ஹோரஸ் புதுப் பூட்ஸோடு எலும்பின்மேல் ஏறி ஓடித் தம்பியைக் கட்டிக்கொண்டார்.

"எங்க ஊரு! என் கூடப்பிறந்த தம்பி! கில்பின்! நாங்க பிரிஞ்சதே கிடையாது!"

"எங்க ஊருங்க!" லவீனியா மறுபக்கத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்தாள். "எங்க ஊர்ச் சாப்பாடுதான் சாப்பிடறான். தாடியைப் பாருங்க, என் பைத் துணுக்கு ஒட்டிட்டிருக்கு!"

"எங்க ஊர்ல ஓட்டுப் போட்டிருக்கான், கர்னல்!" ஹோரஸ் தம்பியின் முதுகைத் தட்டினார். "ஒரே ஒரு தடவைதான் போட்டான்! அவ்வளவு நேர்மை எங்க ஊர்க்காரனுக்குத்தான் வரும்!"

"டேய் ஆசா, உனக்குன்னு ஒரு கட்டில் போட்டு வெச்சிருக்கேன்டா!"

"மைராவை இப்பவே கூட்டிட்டுப் போடா! இந்த நிமிஷமே!"

ஆசா இருவர் கையையும் மெல்ல விலக்கினான். பீப்பாய்மேல் நின்ற மகளைப் பார்த்தான். அவள் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தி, என்ன சொல்லப்போறீங்க என்பதுபோல் நின்றாள். அண்ணன் ஊருக்குப் போனால் அண்ணன் வீட்டுக் கொட்டகையில் அவனும், உள்ளே அவளும். அக்கா ஊருக்குப் போனால் சமையலறைப் பக்கத்தில். இன்னொருவர் கூரைதான் இரண்டுமே. ரயில் வந்து ஒரு மாதம் கழிந்தால் மறுபடியும் துரத்த மாட்டார்கள் என்பதற்கு யார் உத்தரவாதம்?

"நான் எந்த ஊரும் இல்லீங்க" என்றான் ஆசா. "எலும்பு இங்க இருக்கு. இதை வாரி ரெண்டு மைல் சுமந்துட்டுப் போய் உங்க வண்டியில ஏத்த எனக்கென்ன பைத்தியமா? நிலையத்தை இங்கயே வைங்க."

"வெறும் புல்லுக்காட்டுலயா? நிலையம்னா பக்கத்துல ஊர் வேணாமா?"

"ஊரு தானா வருங்க. வீட்டுக்கு அடியில உருளைக் கட்டை கொடுத்து மாடு பூட்டினா ஒரு வாரத்துல ரெண்டு ஊரும் இங்க நிக்கும். எங்கண்ணன் கட்டின ஓபரா ஹவுஸ்ல முன்பக்கச் சுவர் மட்டுந்தான் இருக்கு. அதை ஒரு கழுதையே இழுத்துடும்."

"ஆசா!" என்றார் ஹோரஸ்.

"அக்கா ஹோட்டலைப் பத்திக் கவலையில்ல. அதை யாராவது ரெண்டு பேர் தூக்கிட்டு வந்துடலாம்."

கர்னல் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் மூன்று சொற்பொழிவு, மறுபக்கம் ஏழு எஃகுப் பாதை. நடுவில் பெட்டி பெட்டியாகச் சரக்கு. "நிலம் யாருது?" என்று கேட்டார்.

"என்னுதுங்க."

"நல்லது. நாளைக்குக் காலைல நிலத்தோட பத்திரத்தை எடுத்துட்டு வா. கையெழுத்துப் போட்டுடலாம்." கர்னல் வண்டியில் ஏறினார். நியூ ஏதென்ஸ் வான்கோழிக்காக அவர் காத்திருக்கவில்லை.

கூட்டம் அசையாமல் நின்றது. மைரா மட்டும் பீப்பாயிலிருந்து குதித்தாள். ஊக்கு ஒன்று தெறித்தது. முன்னேற்றத்தை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு நேராக நடந்து வந்து அப்பாவின் வண்டியில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னும் கூரை போடல" என்றார் ஹோரஸ் ஈனக் குரலில்.

"ரயில் நிலையத்துக்குக் கூரை போடுவாங்க பெரியப்பா. மீதி இருந்தா எங்களுக்கும் போட்டுக்கறோம்" என்றாள் மைரா. "பெட்டியை மட்டும் அனுப்பிடுங்க. பெரியம்மா விரிப்பை நாளைக்குத் துவைச்சுத் தரேன்."

ஆசா அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். நாலு வருடம் எதிர்ப்புறம் நின்று பார்த்த முகம் இப்போது தோளுக்குப் பக்கத்தில். சொல்ல ஆயிரம் இருந்தது. "தாடியில பை ஒட்டிட்டிருக்கு, அப்பா" என்று அவளே ஆரம்பித்தாள்.

தட்டிவிட்டுக்கொண்டவன், சுற்றிலும் பார்த்தான். லவீனியா காலையில் கொடுத்த தட்டு இன்னும் எலும்பின்மேல் கிடந்தது. கொடுத்த பைத் தட்டை அன்றைக்கே திரும்ப வாங்காமல் விடாதவள் அவள். ஆனால் அவளையும் அவள் வண்டியையும் காணோம். தூரத்தில், இம்பீரியல் சிட்டிப் பாதையில், புழுதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவே சாட்டை ஏறி இறங்கியது.

"அத்தை எதுக்கு இப்படிப் பறக்கறாங்க?" என்றாள் மைரா. பிறகு மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்பா. இந்த நிலத்தை உங்க பேர்ல பதிவு பண்ணிட்டீங்கல்ல?"

ஆசா கழுதைகளின் முகத்தை இம்பீரியல் பக்கம் திருப்பினான். அவை அவசரம் என்ற சொல்லை அறியாதவை.

அந்தப் பகுதியில் வெறும் நிலத்தில் எத்தனை வருடம் குடியிருந்தாலும், மாவட்ட எழுத்தர் முன்னால் போய் நின்று பெயரைச் சொல்லிப் பதிந்தால்தான் அது சொந்தம். யார் முதலில் போய் நிற்கிறாரோ அவருக்கு. மாவட்டத் தலைநகரான இம்பீரியல் சிட்டியில் நீதிமன்றம் இன்னும் கட்டவில்லை. ஆகையால் எழுத்தர் லவீனியாவின் ஹோட்டல் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். அங்கே செயிண்ட் லூயிஸிலிருந்து வந்த கம்பளம் விரித்திருந்தது. குளித்துவிட்டு வந்தால் உள்ளே விடுகிறேன் என்று லவீனியா தம்பியிடம் நாலு வருடத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

ஆசா இன்னும் குளிக்கவில்லை.